சுண்ணாம்பின் வரவு செலவு

பழவேற்காட்டு ஏரியில் அள்ளிய கிளிஞ்சலையோ, குன்றின் அடிவாரத்தில் உடைத்தெடுத்த சுண்ணாம்புக் கல்லையோ கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயை நிரப்பி, நெருப்பு மூட்டி, அது கனன்று தணிந்து ஆறிய பின் பிரித்துப் பார்த்தால், இட்ட வஸ்துவின் உருவம் பெரும்பாலும் இட்டபடியே இருக்கக் காண்கிறோம். கிளிஞ்சலின் வளைவும் வரியும்கூடச் சில வேளைகளில் அழியாமல் நிற்கின்றன. ஆயினும் நிறுத்துப் பார்த்தால் எடை ஏறக்குறையப் பாதியாகியிருக்கிறது. நீர் பட்ட மாத்திரத்தில் சீறி, வெடித்து, ஆவி கக்கிப் பொடியாகிறது. முன்பு குழந்தைகள் வைத்து விளையாடிய அந்தக் கிளிஞ்சலே இப்போது நாவில் பட்டால் புண்ணாக்கிவிடும். பனிக்கட்டி உருகும்போதும் கற்பூரம் காற்றில் கரையும்போதும் உருவம் போகிறது, பொருள் போவதில்லை. இங்கோ உருவம் நிற்க, பொருள் வேறாகிவிட்டது. இத்தகைய மாறுதலையே இரசாயன மாறுதல் என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை நம்பி இதனை ஆராயப் புகுந்தவர்கள் நெடுங்காலம் ஏமாந்தே போனார்கள் என்பதற்கும், தராசை நம்பியவர்களுக்கு அது தன் ரகசியத்தைச் சொல்லிவிட்டது என்பதற்கும் சுண்ணாம்பைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சுட்ட சுண்ணாம்பின் காரத்துக்குப் பழைய ஆசிரியர்கள் கூறிவந்த காரணம், காளவாயின் நெருப்பில் ஒரு பகுதி கல்லுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது என்பதுதான். இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. நெருப்பிலிருந்து வந்த பொருள் நெருப்பைப் போலவே சுடுகிறது. நீரை ஊற்றினால் உள்ளே ஒளிந்திருந்த உஷ்ணம் வெளிப்படுகிறது. கண்ட செய்திகளுக்கெல்லாம் பொருந்துகிற விளக்கம் இது. பொருந்தாத செய்தி ஒன்றே ஒன்று: ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்குமானால் எடை கூடியிருக்க வேண்டும், அது குறைந்தது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை, எதிர்பாராத விதமாக, வைத்தியர்களின் வழக்கொன்றிலிருந்து வந்தது. மூத்திரப்பையில் கல் கட்டிய நோயாளிகளுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரை மருந்தாகக் கொடுப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இருந்த வழக்கம். அந்தத் தெளிநீருக்குச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு உயர்ந்ததா, கல்லைச் சுட்ட சுண்ணாம்பு உயர்ந்ததா என்று எடின்பரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் விட், சார்லஸ் ஆல்ஸ்டன் என்ற இரண்டு பேராசிரியர்கள் கருத்து மாறுபட்டு நின்றார்கள். அங்கே வைத்தியப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஜோசப் பிளாக், தம்மைப் பரீட்சிக்கக் கூடிய பெரியவர்களின் சண்டையில் தலையிடாமல் இருப்பதே விவேகம் என்று எண்ணினார் போலும். தம் ஆராய்ச்சிக்கு வெள்ளை மக்னீசியா என்ற வேறொரு பொருளை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடமும் சுண்ணாம்புதான். 1754-இல் பட்டத்துக்கான கட்டுரையாகத் தொடங்கி, 1756-இல் விரிவாக அச்சேறிய அவருடைய ஆராய்ச்சி, இரசாயன சாஸ்திரத்தில் தராசு அரசு கட்டிலேறிய தொடக்க நாட்களில் ஒன்று எனலாம்.

அதில் வருகிற ஒரு சோதனையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பிளாக் 120 கிரெயின் எடையுள்ள சுண்ணத்தை, அதாவது மிருதுவான சுண்ணாம்புக் கல்லை, நன்றாகச் சுட்டார். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பின் எடை 68 கிரெயின். அதைப் பொடி செய்து, சாதாரணக் காரவுப்பு கரைந்த நீரில் இட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, பின்பு கழுவி உலர்த்தி நிறுத்தார். 118 கிரெயின் இருந்தது. அந்தப் பொடி எவ்விதச் சோதனைக்கு உட்படுத்தினாலும் பழைய சுண்ணமாகவே நடந்துகொண்டது. ஆகவே சுடும்போது கல்லைவிட்டு ஏதோ ஒன்று வெளியேறியது. அதே பொருள் காரவுப்பிலும் இருந்தது. சுட்ட சுண்ணாம்பு அதைக் காரவுப்பிலிருந்து பறித்துக்கொண்டு மறுபடியும் கல்லாயிற்று. காரம் என்பது நெருப்பு உள்ளே வந்ததனால் ஏற்பட்டதன்று. ஒரு வாயு வெளியே போனதனால் வெளிப்பட்ட இயல்பு. பொருள்களுக்குள் கட்டுண்டு கிடந்த அந்த வாயுவைப் பிளாக் 'நிலைத்த காற்று' என்று அழைத்தார். நாம் அதைக் கரியமில வாயு என்கிறோம். நாம் வெளிவிடும் மூச்சிலும் அது உண்டென்பதை, தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஒரு குழாயால் ஊதி அது பாலாக வெளுப்பதைக் கண்டு எவரும் தெரிந்துகொள்ளலாம்.

பிளாக் தனியொரு பொருளுக்குச் செய்ததை எல்லாப் பொருள்களுக்கும் உரிய விதியாகச் செய்தவர் பாரிஸ் நகரத்து லவாஸியே. அவர் விஞ்ஞானி மட்டுமல்லர். அரசனுக்குரிய வரிகளைக் குத்தகைக்கு எடுத்து வசூலிக்கும் கூட்டத்தில் பங்குதாரரும் ஆவார். புரட்சிக் காலத்தில், 1794 மே 8-ஆம் நாள், அவர் தலையை வாங்கியது அந்தத் தொழில்தான். ஆனால் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிக் கடைசிக் காசு வரை நேர் பார்க்கும் பழக்கம் அவர் ஆராய்ச்சியறைக்குள்ளும் அவரோடு வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1789-இல் வெளியிட்ட தம் நூலில், திராட்சை ரசம் புளித்து மதுவாகும் செய்கையை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் இருந்த பொருளின் மொத்தமும் முடிவில் உள்ள பொருளின் மொத்தமும் சமமாக இருந்தே தீரவேண்டும் என்ற விதியை நாட்டி, ஒரு புறம் திராட்சை ரசத்தையும் மறு புறம் கரியமில வாயுவையும் சாராயச் சத்தையும் வைத்து, நடுவே சமக் குறியிட்டு எழுதினார். பேரேட்டின் ஒரு வரியைப் போன்ற அதுதான் இன்று நாம் வழங்கும் இரசாயனச் சமன்பாட்டின் முன்னோடி. அவர் எழுதியது சொற்களால் ஆனது. சர்க்கரையின் அமைப்பைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்களில் பிழைகளும் உண்டு. ஆனால் கணக்கு நேராகாவிட்டால் பிழை நம் அளவையில் இருக்குமே அல்லாமல் இயற்கையில் இராது என்ற அவருடைய உறுதியில் பிழை இல்லை.

சொற்களை விடுத்து எழுத்துக்களைக் கொண்டுவந்தவர் ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ். மூலகங்களின் லத்தீன் பெயர்களிலிருந்து முதலெழுத்தையோ முதலிரண்டு எழுத்துக்களையோ எடுத்துக் குறியீடாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை அவர் 1813, 1814-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். வட்டங்களும் புள்ளிகளும் கோடுகளுமாகத் தாம் வரைந்துவந்த சித்திரங்களே மேலானவை என்று எண்ணிய ஆங்கிலேய அறிஞர் டால்ட்டனுக்கு இந்த எழுத்துமுறை கடைசி வரை பிடிக்கவில்லை. உலகம் முழுவதும் இன்று வழங்குவது அந்த லத்தீன் எழுத்துக்களே; அவ்வாறு பொதுவாக இருப்பதே நல்லது. எனினும், குறியீடு என்பது எவ்வளவு எளிய ஏற்பாடு என்று விளங்குவதற்காக, இந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் பெர்ஸீலியஸ் லத்தீனில் செய்ததை நாம் தமிழில் செய்து பார்ப்போம். கால்சியத்துக்குக் கா, கரிக்குக் க, பிராணவாயுவுக்குப் பி, ஜலவாயுவுக்கு ஜ, குளோரினுக்குக் கு. ஒரு மூலக்கூறில் ஓர் அணு எத்தனை முறை வருகிறதோ அந்த எண்ணை அடியில் சிறிதாக எழுதுவோம். அப்படியானால் காளவாயில் நடந்தது இது:

காகபி₃ → காபி + கபி₂

இடப்புறம் இருப்பது சுண்ணாம்புக் கல். வலப்புறம் கரியமில வாயுவுக்குப் பக்கத்தில் நிற்பது சுட்ட சுண்ணாம்பு. நம் ஏற்பாட்டில் அதன் குறியீடு இப்படி வந்து வாய்த்துவிட்டதற்கு நான் பொறுப்பல்லேன். ஆனால் காலையில் அருந்தும் பானத்தோடு யாரும் இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

அணுக்களை எண்ணிப் பாருங்கள். இடப்புறத்தில் கால்சியம் ஒன்று, கரி ஒன்று, பிராணவாயு மூன்று, வலப்புறத்திலும் அவ்வளவே. அணுக்கள் அழியவுமில்லை, பிறக்கவுமில்லை. இடம் மாறி வேறு கூட்டணி சேர்ந்தன. இனி எடையைப் பார்ப்போம். ஜலவாயு அணுவின் எடையை ஒன்று எனக் கொண்டால் கரியின் எடை 12, பிராணவாயுவுக்கு 16, கால்சியத்துக்கு 40. ஆகவே கல்லின் எடை 40-உம் 12-உம் மூன்று 16-உம் சேர்ந்து 100, சுட்ட சுண்ணாம்பு 56, வாயு 44. நூறு மணங்கு சுத்தமான கல்லைச் சுட்டால் ஐம்பத்தாறு மணங்கு சுண்ணாம்புக்கு மேல் எந்தச் சமர்த்தனாலும் எடுக்க முடியாது. பிளாக்கின் 120 கிரெயினுக்கு இந்தக் கணக்கு 67.2 கிரெயின் தர வேண்டும் என்கிறது. அவர் கண்டது 68. அணு எடை என்ற பேச்சே எழாத காலத்தில், கைத்தராசோடு இருந்த ஓர் இளைஞர், ஒரு கிரெயினுக்குள் உண்மையைத் தொட்டிருக்கிறார் என்பதை நினைக்கையில் வியப்பு உண்டாகிறது.

இந்த எண்களை நாம் இவ்வளவு சுலபமாகக் கூட்டிவிடுகிறோமே, இவை சுலபமாகக் கிடைத்தவை அல்ல. நீரில் ஜலவாயு அணு ஒன்றும் பிராணவாயு அணு ஒன்றுமே இருப்பதாக டால்ட்டன் கொண்டார். ஒன்றுக்கு ஒன்று என்பதைவிட எளிய அனுமானம் இல்லையென்பதே அதற்கு ஆதாரம். இரண்டு பங்கு ஜலவாயு ஒரு பங்கு பிராணவாயுவோடு கூடுகிறது என்ற அளவையிலிருந்து, சம உஷ்ணத்திலும் சம அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன என்ற முடிவை இத்தாலியரான அவகாட்ரோ 1811-இல் சொல்லியிருந்தும், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. விளைவு, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சூத்திரம். காடிக்குப் புளிப்பைத் தரும் அமிலத்துக்குத் தம் காலத்தில் வழங்கிய பத்தொன்பது சூத்திரங்களை கெக்குலே 1861-இல் தம் நூலில் வரிசைப்படுத்திக் காட்டினார். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயன அறிஞர்கள் கூடினார்கள். கூட்டத்தில் முடிவொன்றும் ஏற்படவில்லை. கலைந்து போகும்போது, அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு எடைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி கனிஸாரோ எழுதிய சிறு பிரசுரம் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. பெரிய சபைகளில் நடக்காத காரியம் வீடு திரும்பும் வழியில் படித்த ஒரு சிறு புத்தகத்தால் நடந்தது.

சூத்திரங்கள் சரியாகத் தெரிந்த பிறகு, சமன்பாட்டை நேராக்குவது எண்ணிப் பார்க்கும் வேலையே. அதில் மாணாக்கர் வழக்கமாக இடறுகிற இடம் ஒன்று உண்டு. ஜலவாயுவும் பிராணவாயுவும் இயற்கையில் இரண்டிரண்டு அணுக்களாகவே திரிகின்றன. எனவே ஜ₂, பி₂ என்று எழுதி, விளைவது நீராகிய ஜ₂பி என்று எழுதினால், பிராணவாயுவில் ஓர் அணு மிஞ்சுகிறது. உடனே நீரின் அடியில் இன்னொரு சிறிய இரண்டைப் போட்டு ஜ₂பி₂ என்று ஆக்கிவிடலாமே என்று கை துருதுருக்கும். அப்படிச் செய்தால் எண் நேராகும். ஆனால் கிடைப்பது நீர் அன்று, சாயங்களை வெளுக்கச் செய்யும் பெராக்ஸைடு என்ற வேறொரு திரவம். அடியிலுள்ள சிறிய எண் இயற்கை எழுதியது. அதைத் தொட நமக்கு உரிமையில்லை. முன்னால் எழுதும் பெரிய எண்ணே நம்முடையது. ஆகவே,

2ஜ₂ + பி₂ → 2ஜ₂பி

முட்டை ஓட்டின் மீது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நுரைத்துக்கொண்டு கரைகிறதே, அதுவும் சுண்ணாம்புக் கல்லின் கதைதான்: காகபி₃ + 2ஜகு → காகு₂ + ஜ₂பி + கபி₂. முன்னால் நிற்கும் அந்த இரண்டு எதற்கு என்று வாசகர்களே எண்ணிக் கண்டுகொள்ளலாம்.

சுட்ட சுண்ணாம்புக்குத் திரும்புவோம். கொத்தனார் அதன் மீது நீர் தெளித்து நீற்றுகிறார். நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசுகிறார். பூச்சு நாளடைவில் இறுகுகிறது. உலர்வதனால்தான் இறுகுகிறது என்று எண்ணுவது இயல்பு. உலர்வது தொடக்கம் மட்டுமே. உண்மையில் நடப்பவை இவை:

காபி + ஜ₂பி → கா(பிஜ)₂
கா(பிஜ)₂ + கபி₂ → காகபி₃ + ஜ₂பி

ஐம்பத்தாறு பங்கு சுண்ணாம்பு பதினெட்டுப் பங்கு நீரைக் குடித்து எழுபத்துநான்காகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவில் நாற்பத்துநான்கு பங்கை உட்கொண்டு, குடித்த பதினெட்டையும் திருப்பிக் கக்கிவிட்டு, மீண்டும் நூறு பங்கு கல்லாகிறது. காளவாயில் போன வாயு சுவரில் வந்து சேர்ந்துவிட்டது. செட்டிநாட்டு மாளிகைகளின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, காரைக்குடி வட்டாரத்துக் காற்றிலிருந்து இவ்வாறு கல்லாக மீண்டதே.

இம்மூன்று வரிகளும் சுண்ணாம்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக வாசகர் எண்ணிவிடலாகாது. சமன்பாடு பொருள்களின் கணக்கு. உஷ்ணத்தின் கணக்கு அதில் இல்லை. நீற்றும்போது சட்டி கொதிப்பதை மேலே உள்ள வரி ஓரெழுத்தாலும் குறிப்பிடவில்லை. தனியே அளந்து பார்த்தவர்கள், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நீரோடு கூடும்போது ஏறத்தாழ 15½ கிலோகலோரி உஷ்ணம் வெளிப்படுகிறது என்று கண்டிருக்கிறார்கள்; 200 கிராம் நீரின் உஷ்ணத்தை எழுபத்தைந்து டிகிரிக்கு மேல் உயர்த்த அது போதும். நூறு கிராம் கல்லைப் பிரிக்கக் காளவாய் செலவிட்ட உஷ்ணமோ ஏறத்தாழ 42½ கிலோகலோரி. மிச்சம் 27 எங்கே என்றால், நீறிய சுண்ணாம்பு கரியமில வாயுவை உட்கொண்டு கல்லாகும்போது வெளிப்படுகிறது; ஆனால் மாதக் கணக்காக, ஆண்டுக் கணக்காகச் சிறுகச் சிறுக வெளிப்படுவதால் சுவரைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு அது தெரிவதில்லை. எத்தனை படிகளில் சென்றாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் உஷ்ணத்தின் மொத்தமும் ஒன்றே என்ற இந்த நியதியை, பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்த ஹெஸ் 1840-இல் வெளியிட்டார். கல்லுக்குள் நெருப்பு புகுந்து தங்குகிறது என்று கூறிய பழைய ஆசிரியர்கள் எடையில் தோற்றார்கள். உஷ்ணத்தைப் பொறுத்தவரை, அவர்கள் சொன்னது அவ்வளவு பேதைமையன்று.

சமன்பாடு மறைக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. சுவர் இறுகுவதைக் குறிக்கும் வரியில் நீர் வலப்புறத்தில், வெளியேறும் பொருளாக மட்டுமே காணப்படுகிறது. ஆனால் முற்றிலும் உலர்ந்த நீறிய சுண்ணாம்பை உலர்ந்த கரியமில வாயுவில் வைத்தால் வேலை நடப்பதேயில்லை என்று சொல்லுமளவுக்கு மெதுவாகிறது. துகள்களின் மேல் மெல்லிய ஈரப் படலம் இருந்து, அதில் வாயுவும் சுண்ணாம்பும் கரைந்தால்தான் இரண்டும் சந்திக்க முடியும். புதுப் பூச்சை வெயிலில் காயவிடாமல் நாள்தோறும் நீர் தெளித்துக் காக்கும் கொத்தனார் செய்வது சரி. வலப்புறத்தில் மட்டும் நீரைக் கண்டு, அது போனால் நல்லதுதானே என்று முடிவு கட்டும் மாணாக்கர் செய்வது தவறு. வரவு செலவுக் கணக்கு, வியாபாரம் நடந்த விதத்தைச் சொல்வதில்லை.

அம்புக்குறியின் திசையும் நாம் எண்ணுவதுபோல் அத்தனை உறுதியானதன்று. கல்லைச் சுட்டால் வாயு போகிறது. போன வாயு வேறெங்கும் போக இடமில்லாதபடி அடைத்துவிட்டால்? பிளாக்கின் நண்பர் ஜேம்ஸ் ஹட்டன், பூமியின் ஆழத்தில் சுண்ணாம்புக் கல் பெரும் உஷ்ணத்திலும் சிதையாமல் பளிங்காக மாறக்கூடும் என்று கூறியபோது, சுட்டால் சுண்ணாம்பாகிவிடாதா என்று பலர் மறுத்தார்கள். ஹட்டன் மறைந்த பின், சர் ஜேம்ஸ் ஹால் என்பவர் சுண்ணப் பொடியைத் துப்பாக்கிக் குழல்களில் அடைத்து, வாயு தப்பாதபடி மூடிச் சூடேற்றினார். குழல்கள் பல வெடித்தன. வெடிக்காதவற்றுள் பளிங்கை ஒத்த கல் இருந்தது. அந்த முடிவுகளை அவர் 1805-இல் எடின்பரோ ராயல் சங்கத்தில் வாசித்தார். இதே நாட்களில், நெப்போலியனோடு எகிப்துக்குச் சென்ற பெர்த்தொலே, அங்குள்ள உப்பேரிகளின் கரையில் சோடா படிந்திருப்பதைக் கண்டார். ஆராய்ச்சிசாலையில் சோடாவும் கால்சியம் குளோரைடும் சேர்ந்து சுண்ணாம்புக் கல்லும் உப்பும் ஆகும். இங்கோ, ஏராளமான உப்பு சுண்ணாம்புக் கல்லின் மேல் வேலை செய்து, அதே வினையைப் பின்னோக்கி ஓட்டியிருந்தது. எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதும் திசையை நிர்ணயிக்கும் என்று அவர் உணர்ந்தார். இரு திசையிலும் செல்லும் வினைகளுக்கு எதிரெதிரான இரண்டு அம்புகளை வரையும் முறையை 1884-இல் வான்ட் ஹாஃப் கொண்டுவந்தார். சுண்ணாம்புக் கல்லைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடில் அதிலிருந்து எழும் வாயுவின் அழுத்தம் நம் காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமமாகிறது. காளவாய்க்கு அடியில் காற்று புகும் வாயில்களை வைத்துக் கட்டியவர்கள் கரி எரிவதற்காக மட்டும் அவற்றை வைத்ததாக நினைத்திருக்கலாம். கல்லிலிருந்து எழும் வாயுவை அவ்வப்போது அடித்துச் சென்று, வலப்பக்க அம்பையே ஓங்கச் செய்வதும் அந்தக் காற்றுத்தான்.

இன்று சுண்ணாம்புக் கல்லை மிகுதியாக விழுங்குவது சிமெண்டுத் தொழில். அரியலூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் கடலடியாக இருந்து, சங்கும் சிப்பியும் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் படிவங்களை வெட்டியெடுத்து, களிமண் முதலியவற்றோடு கலந்து, சுழலும் உலைகளில் 1,450 டிகிரி வரை சூடேற்றிக் கிளிங்கர் என்ற கட்டிகளாக்குகிறார்கள். ஓர் ஆயிரம் கிலோ கிளிங்கரில் ஏறத்தாழ 650 கிலோ சுட்ட சுண்ணாம்பின் அம்சம் இருக்கிறது. நம் முதல் வரியின்படி 56-க்கு 44 என்ற விகிதத்தில், அந்த 650 கிலோவுக்காகக் கல்லை விட்டு வெளியேறிய கரியமில வாயு ஏறத்தாழ 510 கிலோ. இது உலையில் எரிக்கும் நிலக்கரியிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்தே வருவது. நிலக்கரிக்குப் பதில் மின்சாரத்தால் சூடேற்றினாலும், உலையை எத்தனை சாமர்த்தியமாக அமைத்தாலும், இந்த 510-இல் ஒரு கிலோவும் குறையாது. பழைய சுண்ணாம்புச் சுவர் தான் விட்ட வாயுவைப் பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொண்டுவிடும். சிமெண்டோ நீரோடு கூடியே இறுகுவது, வாயுவுக்காகக் காத்திருப்பதில்லை. காற்று அதன் மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து ஓரளவு வாயுவைச் சேர்க்கிறதேயன்றி, கட்டடம் நிற்கும் காலத்துக்குள் உலையில் போனது முழுவதும் திரும்புவதில்லை. ஆதலால் சிமெண்டின் வாயுவைக் குறைக்க முயல்வோருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன: உலையின் வாயிலிலேயே அதைப் பிடித்து அடைப்பது, அல்லது கிளிங்கரில் ஒரு பகுதிக்கு ஈடாக இரும்பு உலைக் கசடையும் நிலக்கரிச் சாம்பலையும் கலப்பது.